கு. பரணி எழுதிய கட்டுரை

யாழினிக்குக் கடிதம் எழுதத் தெரியும். ஆறாம் வகுப்பில் அதற்கென்றே ஒரு பாடம் உண்டு. முதலில் அனுப்புநர், அதற்குக் கீழே பெறுநர், பிறகு பொருள். ஒன்று விட்டுப்போனாலும் தமிழ் டீச்சர் இரண்டு மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவார்.

ஆனால் இந்தக் கடிதத்தை அவள் மதிப்பெண்ணுக்காக எழுதவில்லை.

அவள் அப்பா பரணி, திருப்பூர்ச் சாயப்பட்டறை ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். ஆடி மாதத்தில் ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு எழவே இல்லை.

இப்போது ஐப்பசி. மழை விட்டபாடில்லை. அவர்கள் குடியிருந்த லைன் வீட்டின் ஒற்றை அறைக்குள் காயாத துணியின் வாடை எப்போதும் இருந்தது. அம்மா சத்யப்பிரியா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை முடிந்து வருவாள். சோறு ஆக்குவாள். பிறகு சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வாள். கேட்டால் பதில் வரும், கேட்காவிட்டால் அதுவும் இல்லை.

ஒருநாள் தண்ணீர்க் குழாயடியில் பக்கத்து வீட்டுச் சசிகுமார் பெருமையடித்துக்கொண்டிருந்தான். அவனும் யாழினியும் ஒரே வகுப்பு.

"எங்க மாமன் போட்டோ பேப்பர்ல வந்திருக்குதே!"

"எங்கப்பா எழுதுன கட்டுரையே புஸ்தகத்துல வந்திருக்குது. கோயமுத்தூர்ல அவரு படிச்ச யுனிவர்சிட்டி போட்ட புஸ்தகம்" என்றாள் யாழினி.

"எங்க, காட்டு பாக்கலாம்."

யாழினியிடம் காட்ட எதுவும் இல்லை. குடத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"ஏம்மா, அப்பா எழுதுன கட்டுரை எங்க இருக்குது?"

அம்மா சுவரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வந்துச்சுன்னு சொன்னாரு கண்ணு. நான் பார்த்ததில்ல. கேட்டப்ப எல்லாம், யாரோ வாங்கிட்டுப் போயிட்டாங்கன்னு சொல்லுவாரு."

"நீ தேடலையா?"

"எங்க போய்த் தேடறது?"

எங்கே போய்த் தேடுவது என்று யாழினி ஒரு நாள் முழுக்க யோசித்தாள். அச்சடித்த இடத்தில் ஒன்றாவது வைத்திருக்க மாட்டார்களா? அந்தப் பல்கலைக்கழகத்தில் ஒரு நூலகம் இருக்குமே!

தெரிந்ததையெல்லாம் நோட்டில் வரிசையாக எழுதினாள். எழுதியவர் கு. பரணி. எழுதியது அவள் பிறப்பதற்கு முந்தைய வருடமோ, அதற்கும் முந்தைய வருடமோ. எதைப் பற்றி? சாயத் தண்ணீர். தலைப்பு? தெரியாது. தெரியாததையும் 'தெரியாது' என்றே எழுதினாள். பெறுநர், நூலகர் அவர்கள். பொருள், என் அப்பாவின் கட்டுரையைத் தேடித் தருமாறு வேண்டுதல்.

பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. நூலகர் அருள்செல்வன் கையெழுத்திட்டிருந்தார்.

'அன்புள்ள யாழினிக்கு, நீங்கள் சொன்ன ஆண்டுகளிலும் அவற்றுக்கு முன்பின் ஆண்டுகளிலும் தேடிப் பார்த்தோம். கு. பரணி என்ற பெயரில் கட்டுரை எதுவும் இல்லை. வருந்துகிறோம்.'

அம்மா அதை இரண்டு தடவை படித்தாள். நான்காக மடித்தாள்.

"விடு சாமி. ஒரு பெருமைக்குச் சொல்லியிருப்பாரு. அதுல என்ன இருக்குது?"

அப்படிச் சொல்லிவிட்டு அம்மா விளக்கை அணைக்க எழுந்தாள். மணி ஏழுகூட ஆகவில்லை.

அப்பா பொய் சொன்னாரா? அப்பா தூக்கம் வராத பிள்ளைக்குக் கதை சொல்லுவார். கடைக்காரரிடம் சில்லறை இல்லை என்பார். ஆனால் பல வருடமாக அம்மாவிடம் ஒரே பொய்யைச் சொல்லிக்கொண்டிருப்பாரா? அப்படி நினைத்துக்கொண்டுதான் அம்மா இனிமேல் இந்தச் சுவரைப் பார்ப்பாளா?

அடுத்த வாரம் பள்ளியில் கண் பரிசோதனை முகாம் நடந்தது. கணினியோடு ஓர் அக்கா உட்கார்ந்து சீட்டில் இருந்த பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார்.

"யா. பரணி! யா. பரணி யாருங்க?"

யாரும் எழவில்லை.

"டேய், யாழினியோட அப்பாவைக் கூப்பிடறாங்கடா!" என்று சசிகுமார் சிரித்தான். சிரித்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டான்.

யாழினி எழுந்து போனாள். "என்ற பேரு யாழினிங்க. பரணி எங்கப்பா."

"அடடா! மன்னிச்சுக்க கண்ணு" என்றார் அந்த அக்கா. "நம்ம ஊர்ல அப்பா பேருதான இனிஷியல்? இந்தக் கம்ப்யூட்டருக்கு அது தெரியறதில்ல. பின்னால இருக்கற பேரை முழுசாப் போட்டுரும், முன்னால இருக்கற பேரை ஒத்தை எழுத்தாக்கிரும். காலைல இருந்து இதே ரோதனை. நாலு பேரு அவங்கவங்க அப்பாவாயிட்டாங்க."

யாழினி சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பேனாவை எடுத்து உள்ளங்கையில் எழுதினாள். பரணி குருசாமி. குருசாமி என்பது அப்பாவின் அப்பா. பின்னால் இருப்பதை முழுசாக, முன்னால் இருப்பதை ஒற்றை எழுத்தாக.

ப. குருசாமி.

"என்ன எழுதற?" என்று சசிகுமார் மெதுவாக எட்டிப் பார்த்தான். அவள் சொன்னாள்.

"அப்படின்னா உங்க தாத்தன் உங்கப்பனுக்கு மகனாயிட்டாரா?" என்று வாயைப் பிளந்தான். பிறகு அவனே வீட்டிலிருந்து ஒரு தபால் உறை கொண்டுவந்து கொடுத்தான். அதில் மாமன் கம்பெனி முத்திரை இருந்தது. யாழினி அதன்மேல் ஒரு காகிதத்தை ஒட்டி மறைத்தாள்.

இரண்டாம் கடிதம் மூன்றே வரி. 'ஐயா, தயவுசெய்து ப. குருசாமி என்று தேடுங்கள். அவர்தான் கு. பரணியாக இருப்பார் என்று நினைக்கிறேன். ஏனென்றால் நான் போன வாரம் யா. பரணி ஆகிவிட்டேன்.'

இந்தத் தடவை ஐந்தாம் நாளே பதில் வந்தது.

'ப. குருசாமி என்பவர் எழுதிய ஒரு கட்டுரை இருக்கிறது. ஆற்றோரக் கிணறுகளில் சாயக் கலப்பு. தொகுதி பதினான்கு, பக்கம் முப்பத்தொன்று. அவர் உங்கள் அப்பாதானா என்பது எங்களுக்குத் தெரியாது. இதழை வெளியே அனுப்ப முடியாது. இந்தக் கடிதத்தோடு நேரில் வந்தால் பார்க்கலாம்.'

"குருசாமிங்கற பேருல ஊருக்கு நூறு பேரு இருப்பாங்க கண்ணு" என்றாள் அம்மா. "போயிட்டு, அதுவும் இல்லைன்னு ஆச்சுன்னா?"

"இல்லைன்னா இல்லைன்னு தெரிஞ்சுக்கலாம். இப்ப அதுவும் தெரியலையேம்மா."

அம்மா சனிக்கிழமைக்கு லீவு சொல்லிவிட்டு வந்தாள்.

பேருந்து பல்லடம் தாண்டும்வரை மழை. அதற்கப்புறமும் மழைதான். ஈரச் செருப்போடு இருவரும் நூலகத்துக்குள் நுழைந்தார்கள். அருள்செல்வன் கடிதத்தை வாங்கிப் பார்த்தார்.

"யா. பரணி நீங்கதானுங்களா?"

"ஆமாங்க."

அவர் சிரிக்காமல் தலையசைத்து, ஓர் அலமாரியைக் காட்டினார். பத்து, பதினொன்று, பன்னிரண்டு, பதிமூன்று. பதினான்காம் தொகுதியை யாழினியே உருவினாள். சேர்த்துத் தைத்த அட்டை. மேலே தூசி. முப்பத்தொன்றாம் பக்கத்தைத் திறந்தாள்.

தலைப்பின் கீழே ப. குருசாமி. படம் இல்லை. ஊர்ப் பெயர் இல்லை. அப்பா என்று சொல்ல எதுவுமே இல்லை. வரிகளெல்லாம் உப்பு, காரம், அளவு என்று நீண்டன. யாழினிக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மாவின் முகத்தை நிமிர்ந்து பார்க்கவும் பயமாக இருந்தது.

அடுத்த பக்கத்தில் ஒரு கட்டம் போட்டிருந்தது. ஐந்து கிணறுகள். எந்தக் கிணற்றில் எத்தனை தடவை தண்ணீர் எடுத்தார்கள் என்ற கணக்கு. அவள் விரல் வைத்து மெல்லப் படித்தாள்.

"முதல் கிணறு, ரெண்டு தடவை. ரெண்டாவது, ரெண்டு. மூணாவது, ரெண்டு. நாலாவது, காரைக் கிணறு, மேற்கே மாதுளைச் செடி... பதினோரு தடவை. அஞ்சாவது, ரெண்டு."

"என்ன சொன்ன?" என்றாள் அம்மா.

"பதினோரு தடவைம்மா. கீழ எழுதியிருக்குது பாரு. 'நான்காம் கிணற்று நீரின் தன்மை தெளிவாகப் புலப்படாததால் மீண்டும் மீண்டும் எடுக்க நேர்ந்தது.'"

அம்மா புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்தாள். அந்த வரிமேல் கையை வைத்தாள்.

"தெளிவாத் தெரியலையாமா?" என்றாள். "அது எங்கப்பன் ஊட்டுக் கிணறு கண்ணு. மாதுளைச் செடி நான் வெச்சது. நான்தான் வாளியில சேந்தி அவரு பாட்டில்ல ஊத்திக் கொடுப்பேன். தண்ணி கண்ணாடியாட்டம் இருக்கும்!"

யாழினிக்கு மெதுவாகத்தான் விளங்கியது. "அப்படின்னா அப்பா எதுக்கு..."

அம்மாவின் தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று யாழினி பயந்துபோனாள். கண்ணில் தண்ணீர் இருந்தது உண்மைதான். ஆனால் அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள், முந்தானையை வாயில் அழுத்தியும் அடக்க முடியாமல். படித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அருள்செல்வனும் பார்த்தார்.

"பேரை மாத்திப் போட்டுட்டாங்கன்னு வெக்கப்பட்டுட்டுத்தான் மனுசன் இதைக் காட்டவே இல்லை" என்றாள் அம்மா. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி கட்டத்தைப் பார்த்தாள். "அதுவுமில்லாம, இந்தக் கணக்கும் தப்பு. பதினொண்ணு இல்ல, பன்னெண்டு."

"பன்னெண்டா?"

"ஆமா கண்ணு. கடைசித் தடவை வர்றப்ப, பாட்டில் கொண்டுட்டு வர மறந்துட்டாரு."