கவிழ்க்காத கட்டில்

மத்தியான உறக்கம் கலைந்து எடித் கண் விழித்தபோது, வாசலடிக் கட்டிலின் தலைமாடு உயர்ந்திருந்தது.

அவள் உறங்கப் போனபோது அது மட்டமாகத்தான் கிடந்தது. இப்போது அதில் யாரும் இல்லை. அதில் செத்த அன்ரோனெற்றைக் காலையில்தான் சேமக்காலைக்குக் கொண்டுபோனார்கள். அவளுடைய விரல்களில் நீலமணிச் செபமாலையைச் சுற்றி இறுக்கியது எடித்தான். அகதி முகாமில் ஒரே கூடாரத்தில் பக்கத்துப் பாயில் கிடந்தவளுக்கு வேறு யார் செய்வது?

முதியோர் இல்லத்தின் பெண்கள் பகுதி முன்பு கருவாட்டுக் கிட்டங்கியாக இருந்தது. சண்டை முடிந்து சனம் பள்ளிமுனைக்குத் திரும்பியபோது வெள்ளையடித்துக் கட்டில் போட்டார்கள். ஆனாலும் சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் சுவர்கள் வியர்க்கும். சுண்ணாம்பையும் டெற்றோலையும் மீறி, எப்போதோ காய்ந்துபோன மீன்களின் உப்பு வாடை எழும்பி நோயாளிகளின் போர்வைகளில் வந்து படுக்கும். லொறியில் மூட்டை ஏற்றிய அகன்ற வாசல் அப்படியே இருந்தது. அதற்கு வெளியே படியில்லை, முழங்கால் பள்ளத்தில் மணல். சாகக் கிடப்பவர்களை அந்த வாசலடிக்கு மாற்றுவார்கள். பெட்டியை இறக்கச் சுலபம்.

பிரேதம் வெளியே போனதும் அது கிடந்த கட்டிலைக் கவிழ்த்துப் போட வேண்டும். பொழுதுபட்ட பிறகுதான் நிமிர்த்தலாம். இல்லாவிட்டால் கட்டில் இன்னொருவரைக் கேட்கும். மரக்கட்டில்கள் இருந்தவரை இங்கேயும் அப்படித்தான் செய்தார்கள். இது நிறுவனம் ஒன்று கொடுத்த இரும்புக் கட்டில். அடியில் சில்லுகள், தலைமாட்டை உயர்த்தக் கால்மாட்டில் ஒரு கைபிடி. தூக்கிப் புரட்டப் பார்த்தார்கள், முடியவில்லை. "உடைஞ்சு போகும், விடுங்கோ" என்றார் சிஸ்ரர். விட்டுவிட்டார்கள்.

கிறீச்.

கைபிடி பாதிச் சுற்றுச் சுற்றி நின்றது.

"பிள்ளை, அந்தக் கட்டிலை ஆர் உயர்த்தினது?"

பராமரிப்புக்கு நிற்கும் றொஷேல் துணி மடித்தபடி திரும்பினாள். "நட்டு லூசாயிருக்கும், அன்ரி. காத்தும் அடிக்குது."

"காத்து கைபிடி சுத்துமோ?"

"நீங்களே சுத்திப்போட்டு என்னைக் கேக்கிறியளோ?" சிரித்தாள். "செபம் முடிய கனகம்மா அன்ரியை அதில போடச் சொன்னவ சிஸ்ரர். முதுகுப் புண்ணுக்கு நல்ல மெத்தை."

பக்கத்துக் கட்டிலில் கனகம்மாவின் இடதுகை போர்வையைப் பற்றிக்கொண்டது. பாரிசவாதம் அந்த முருங்கன் ஊர்க்காரியின் பேச்சைப் பறித்து, அந்த ஒரு கையை மட்டும் விட்டிருந்தது. அவளுக்குக் கஞ்சி பருக்குவது எடித். வெற்றிலை கேட்டு அந்தக் கை எடித்தின் மடியைத் துழாவும்.

"அவவைப் போடக்கூடாது. கவிழ்க்காத கட்டில்."

"பொறாமைப்படாதேங்கோ, அன்ரி. அடுத்தமுறை உங்களுக்கு. செபத்துக்கு வாறியளோ?"

"கால் நோகுது."

"எந்தக் கால்?"

"சண்டையில செல்லுக்குக் குடுத்த கால்தான். நீ போ."

நடக்கக்கூடியவர்களை நடத்தியும் உட்காரக்கூடியவர்களைச் சக்கர நாற்காலியில் தள்ளியும் றொஷேல் கோயிலுக்குக் கூட்டிப்போனாள். காற்று மணலை அள்ளி வாசலில் எறிந்தது. மஞ்சள் வெயில் தரையில் நீண்டு, வாசலடிக் கட்டிலின் கம்பி நிழல்களைக் கனகம்மாவின் போர்வை வரைக்கும் கொண்டுவந்தது.

கிறீச். கிறீச்.

தலைமாடு இன்னும் உயர்ந்தது. மெத்தையின் நடுவில் ஒரு பள்ளம். யாரோ எழுந்து உட்கார்ந்த பள்ளம். பிறகு, பூட்டியிருந்த சில்லொன்று உருண்டது. கட்டில் ஒரு சாண் நகர்ந்தது.

கனகம்மாவின் பக்கம்.

கனகம்மாவின் போர்வை நழுவியது. தானாக அல்ல. இழுபட்டது. அவளுடைய தொண்டையில் காற்று மட்டும் வந்தது.

எடித் தன் போர்வையை உதறினாள். ஊன்றுகோலை எடுத்தாள். ஒற்றைக் காலில் எழும்பினாள்.

"பங்கருக்குள்ள கிடந்து வந்தனான். உனக்குப் பயப்பிடுவன் எண்டோ நினைச்சாய்?"

இரண்டு கட்டில்களுக்கும் நடுவில் போய் நின்று, சில்லின் பூட்டைக் கோலால் தட்டித் திறந்தாள். இரும்பில் தோளைக் கொடுத்தாள். ஆள் படுத்திருக்கும் பாரம். மெத்தை சூடு. கருவாட்டு வாடையோடு சாம்பிராணி வாடை.

வாசல் பள்ளத்தை நோக்கித் தள்ளினாள். அசையவில்லை.

மறுபடியும். கட்டில் திருப்பித் தள்ளியது. கோல் வழுக்கியது. கோலை எறிந்துவிட்டு இரண்டு கையாலும் பிடித்து உந்தினாள்.

"அவளைத் தரமாட்டன்."

வெளிப்பக்கச் சில்லுகள் வாசல் விளிம்பைத் தாண்டின. கட்டில் சரிந்தது. புரண்டது. தலைகீழாக மணலில் விழுந்தது.

எடித் விளிம்பிலிருந்து சறுக்கி இறங்கி, அதன் முதுகில் ஏறி உட்கார்ந்தாள்.

பொழுது இன்னும் விழவில்லை. கோயிலில் செபம் முடிந்து கதவு திறக்கும் சத்தம்.

அவளுக்குக் கீழே இரும்பு உயர்ந்தது. தாழ்ந்தது. உயர்ந்தது.

"ஐயோ, அன்ரி விழுந்திட்டா!" றொஷேலின் குரல். ஓடிவரும் காலடிகள். "ஓடியாங்கோ, கட்டிலை நிமிர்த்துங்கோ!"

"நிமிர்த்தாதேங்கோ! ஒருத்தரும் தொடாதேங்கோ!"

மணல் பிளந்தது. கட்டிலின் விளிம்புக்கு அடியிலிருந்து விரல்கள் வந்தன. அவள் சுற்றியபடியே நீலமணிகள், அவள் இறுக்கியபடியே முடிச்சு.

விரல்கள் எடித்தின் ஒற்றைக் கணுக்காலைச் சுற்றி மூடின.

"நீயெண்டாலும் விடமாட்டன், அன்ரோனெற்."

எடித் இன்னும் பாரமாக உட்கார்ந்தாள். அவளுக்கு முன்னால், காற்றில்லாத பக்கத்தில், கைபிடி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.