உசுருப்பூ

வழக்கமாகத் திம்மப்பா முன்னால் போய்க்கொண்டே இருப்பான். பெண்டாட்டி வருகிறாளா என்று திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். அன்று மட்டும் ஜலஜாட்சியை முன்னே நடக்கவிட்டுப் பின்னால் வந்தான். கல்யாணமாகி முதல் மழைக்காலம். உசுருக்காட்டுக்குப் பூப்பறிக்க வா என்று அவன் கூப்பிட்டபோது, தன்னையும் ஒரு மனுஷியாக மதிக்கிறானே என்று அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஓடையைத் தாண்டியதும் மழைச் சத்தம் நின்றுவிட்டது. மழை நிற்கவில்லை, தலையில் போட்டிருந்த சாக்குக் கொங்காணியின்மேல் விழுந்துகொண்டுதான் இருந்தது, ஓசை மட்டும் இல்லை. உச்சிவேளையிலும் பாசி படிந்த கிணற்றுக்குள் இறங்கியதுபோல ஒரு பச்சை வெளிச்சம். கன்று ஈன்ற தொழுவத்தின் வெதுவெதுப்பான வாடை, அதற்கு மேலே மல்லிகையைவிடத் தித்திப்பான ஏதோவொரு மணம். கிளைகளில் வரிசையாக உட்கார்ந்திருந்த சாம்பல் குருவிகள் அலகைத் திறந்து திறந்து மூடின, ஒரு கீச்சுக்கூட வரவில்லை. வழுக்காமலிருக்க ஒரு மரத்தைப் பிடித்தவள் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். காய்ச்சல்காரன் முதுகுபோல அது சுட்டது. வியர்த்தும் இருந்தது.

"ஏங்க, இந்த மரம்..."

"இந்தக் காட்டு மரம் அப்படித்தான் இருக்கும். செருப்பைக் கழட்டிட்டு நட. பாசி மெத்து மெத்துன்னு இருக்கும் பாரு."

கழற்றினாள். மெத்தென்றுதான் இருந்தது, நாக்கின்மேல் நடப்பதுபோல.

சற்றுத் தள்ளி ஒரு மான் நின்றது. ஆளைக் கண்டும் ஓடவில்லை. முதுகெல்லாம் வெள்ளைப் பூ. அழகாயிருக்கிறதே என்று கிட்டே போனவள், காம்புகள் தோலுக்குள்ளிருந்து வருவதைப் பார்த்தாள். நான்கு கால்களும் முட்டிவரை வேராகி மண்ணுக்குள் போயிருந்தன. விலா ஏறி இறங்கியது. ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு மொட்டு அவிழ்ந்தது.

மானின் கண் அவள் பக்கம் நகர்ந்தது.

"ஐயோ, உசுரோட இருக்குங்க!"

"செத்ததுல பூக்காதுடி." திம்மப்பா கையிலிருந்த கூடையைத் தட்டி மழைத்தண்ணீரை உதறினான். "மாட்டைக்கூடக் கட்டிப் பார்த்தேன். ஒரு மழைக்குத் தாங்கல. மனுஷ மூச்சுதான் நின்னு பூக்குது."

சிரித்தான். வேடிக்கைக்குச் சொல்கிறான் என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தாள். முடியவில்லை. ஓடுவதற்குக் காலைத் தூக்கினாள்.

கால் வரவில்லை.

வலியே இல்லை. அட்டை கடித்தால் தெரியாதே, அப்படி. குனிந்து பார்த்தாள். நகக்கண்களுக்குள் வெள்ளை வெள்ளையாக நூல் வேர்கள். கணுக்கால்வரை தோலுக்கடியில் நெளிந்தன.

"வந்துட்டியா?"

பக்கத்து மரம் பேசியது. மரமில்லை. இடுப்புக்கு மேல்வரை பட்டை ஏறிய ஒரு பெண். அந்த முகத்தை வீட்டுச் சுவரில், படத்தில் பார்த்திருக்கிறாள். எவனோடோ ஓடிப்போய்விட்டாள் என்று ஊரே பேசிய அவனுடைய மூத்த தாரம். பாகீரதி.

திம்மப்பா பாகீரதியின் கழுத்தோரம் பூத்திருந்தவற்றை ஒவ்வொன்றாகக் கிள்ளினான். ஒவ்வொரு கிள்ளுக்கும் அவள் உதடு துடித்தது. "இந்த வருஷம் ரொம்பச் சிறுத்துப்போச்சே" என்று அவளிடமே குறைபட்டுக்கொண்டான்.

ஜலஜாட்சிக்கு அழுகை பீறிட்டது.

"அழாத தங்கச்சி." பாகீரதியின் குரல் காய்ந்த சருகாய் வந்தது. "அழுதா நெறையப் பூக்கும். அப்புறம் அவரு உன்னைச் சும்மா விடமாட்டாரு."

அவன் காதில் விழுந்துவிட்டது.

கூடையோடு வந்தான். கழற்றாத செருப்போடு ஜலஜாட்சியின் எதிரே குந்தினான். கலைந்த முடியை அவள் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டான்.

"உங்கம்மா உன்னைத் தேடிட்டு வருவாங்கல்ல? கவலைப்படாத. கையோட கூட்டிட்டு வந்து உன் பக்கத்துலயே நிக்க வைக்கறேன்."

அடக்கிப் பார்த்தாள். பல்லைக் கடித்தாள். முடியவில்லை.

மணிக்கட்டு அரித்தது. தோல் விரிந்தது. ஒரு மொட்டு. தோளில் இன்னொன்று. காது மடலில். கீழிமையில்.

திம்மப்பா கூடையை அவள் முகவாய்க்கு நேர் கீழே நகர்த்தி வைத்தான்.