அணைத்து வைத்த மோட்டார்

கணவனுக்கு மருந்து ஏற்றும் பம்பை மதியம் அவள் அணைத்துவிட்டுப் போயிருந்தும், சிரிஞ்சில் மருந்து மூன்று கோடு இறங்கியிருந்தது. தொடர்ந்து மூன்றாவது நாள்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆஸ்பத்திரிகளில் இதே பம்புகளைப் பழுது பார்த்துத்தான் சம்பாதிக்கிறாள். சிரிஞ்சைத் தள்ளும் ஸ்டெப்பர் மோட்டார் மின்சாரம் இல்லாமல் தானாக மயிரிழைகூட நகராது. யாரோ பம்பின் பக்கவாட்டில் இருக்கும் திருகைக் கையால் திருப்புகிறார்கள். ஒரே நேரத்தில் பத்துக் கோடு இறங்கினால் கணவனின் மூச்சு நின்றுவிடும். அவனுக்குக் கழுத்துக்குக் கீழே அசைவில்லை. பகலில் கூட இருப்பது அவனுடைய அக்கா மட்டும்.

"தம்பி படுற பாட்டைப் பாக்க முடியலன்னீங்களே அண்ணி, அதான் முடிச்சுடலாம்னு பாத்தீங்களா?"

"வாய் கூசலையா உனக்கு? நான் அந்தப் பெட்டிகிட்டயே போகல."

"சரி, வெளியில இருங்க. நீங்க இல்லாதப்ப மருந்து இறங்கலன்னா பதில் தெரிஞ்சுடும்."

நாத்தனாரைத் தள்ளாத குறையாக அனுப்பிவிட்டுத் தாழ்ப்பாள் போட்டாள். பம்பின் மின்வயரைப் பிடுங்கி, மோட்டார் கம்பிகளில் கடுகளவு சிவப்பு விளக்கு ஒன்றை இணைத்தாள். வெளியிலிருந்து எது திருப்பினாலும் மோட்டாரே கொஞ்சம் மின்சாரம் உண்டாக்கும், விளக்கு எரியும். மற்றதெல்லாம் முந்தின நாட்களைப் போலவே இருக்க வேண்டும் என்ற பிடிவாதத்தில் கணவனின் கைக்குப் போகும் குழாயைக் கழற்றவில்லை.

டெட்டால் வாடையும் வெயிலில் காய்ந்த திரைச்சீலையின் வாடையும் கலந்து கிடந்த அறையில், கதவுக்கு அப்பால் நாத்தனார் மூக்கை உறிஞ்சுவதும் கணவனின் மூச்சு இழுபட்டு இறங்குவதும் கேட்க, அவள் பல்லைக் கடித்தபடி அந்தத் திருகையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழட்டும் என்று நினைத்தாள்.

விளக்கு எரிந்தது.

திருகு சுற்றியது. அருகில் யாருமில்லை.

பாய்ந்து பிடித்தாள். நிற்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்தாள். எதிர்ப்பக்கம் யாரோ பிடித்திருப்பதுபோல் இழுத்தது. நான்கு கோடு. ஐந்து. கையை எடுத்தால் ஓடிவிடும். குழாய் எட்டவில்லை. தாழ்ப்பாளும் எட்டவில்லை.

"அண்ணி, கதவை உடைங்க."

"என்னடி ஆச்சு? தாழ்ப்பாளைத் திற."

ஆறு. உள்ளங்கைத் தோல் உரிந்தது. யாரென்று தெரியாமல் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே கணவனைப் பார்த்தாள். அவனும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கோபமாக.

போர்வைமேல் அவனுடைய செத்த வலது கை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று அழுத்திப் பிடித்து, மெல்ல, மெல்லத் திருகிக்கொண்டிருந்தன.