படிக்கட்டில் உட்கார்ந்த குழந்தை

அந்தக் குழந்தை திரும்பிப் பார்த்திருக்கக் கூடாது.

நாற்பது தடவை பார்த்த படம். அண்ணனைக் கொன்றுவிட்டு வீட்டுக்குள் உத்தமன் வேஷம் போடும் சித்தப்பா. அது தெரிந்தும் வாய் திறக்காமல் மாடிப்படியில் உட்கார்ந்திருக்கும் ஏழு வயதுக் குழந்தை. வசனமே இல்லாத அந்த இரண்டு நிமிடத்தைப் பற்றி சினிமா விமர்சகரான அவர் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளியிருக்கிறார். குழந்தை சித்தப்பாவைத்தான் பார்க்கும். இன்று நேராக அவரைப் பார்த்தது.

குழந்தையாக நடித்தது அவருடைய அக்கா. உலகத்தில் மிஞ்சியிருந்த ஒரே பிரதியைச் சேமிப்பறையில் பூட்டி வைத்திருந்தவளும் அவள்தான். செத்து ஒரு வருஷம் ஆகிறது. நாளை ஊருக்கே படம் காட்டப்போகிறார்கள். இன்று மத்தியானம் சின்ன பிரிவியூ அரங்கில் அவரும் அக்கா மகளும் மட்டும்.

"மாமா, வினிகர் வாடை அடிக்குதில்ல?"

"பழைய பிலிம் அப்படித்தாம்மா நாறும்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. ஓடிக்கொண்டிருந்தது புதிதாக எடுத்த டிஜிட்டல் பிரதி.

கெட்டுப்போன பிலிமின் அந்த நெடி ஆஸ்துமாக்காரியான அக்காவுக்கு ஆகாது என்று அவருக்குத் தெரியும். போன வருஷம் தெரிந்துதான் செய்தார். "செத்தாலும் தரமாட்டேன்டா" என்று அவள் சொன்ன ஆத்திரத்தில், அவள் உள்ளே இருக்கும்போதே சேமிப்பறைக் கதவை வெளியே தாழிட்டு, அதில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டார். அவள் தட்டினாள். பிறகு பிறாண்டினாள். பிறகு ஒன்றுமில்லை. மூச்சிரைப்பு வந்து தனியாகக் கிடந்து செத்துவிட்டாள் என்று அவள் மகளிடம் கதை கட்டியதும் அந்தப் பாவிதான்.

திரையில் குழந்தை படியிறங்கி வந்தது. வாய் திறந்தது. ஏழு வயது வாயில் அறுபது வயதுக் குரல், இழுத்து இழுத்து.

"தம்பி... திறடா. சரி, படத்தை நீயே எடுத்துக்கோ. திறடா."

அவர் மட்டுமே கேட்ட வார்த்தைகள். கேட்டும் திறக்கவில்லை. இன்னும் கொஞ்சம் கெஞ்சட்டும் என்று இருந்துவிட்டார்.

மகள் மெல்லத் திரும்பினாள். கண்ணில் சொட்டு ஈரமில்லை.

"அம்மா தரேன்னு சொல்லியிருக்காங்களே, மாமா."

எழுந்து போனாள். கதவைச் சாத்தினாள். வெளியே தாழ் விழுந்தது.

நெடி தொண்டையைப் பிடித்தது. ஓடினார். தட்டினார்.

"அம்மாடி, திறம்மா."

மூச்சு ஏறவில்லை. தட்டினார். பிறாண்டினார். திரும்பிப் பார்த்தார்.

திரையில் படிக்கட்டு இல்லை. ஒரு மூடிய கதவு. இங்கே அவர் தட்டத் தட்ட அங்கே அது அதிர்ந்தது. அதில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தை காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தது.