காயைப் புதைத்தவள்

மான்கள் ஜீப்பைப் பார்க்கவில்லை. ஜீப் கடந்து வந்த செம்மண் பாதையைப் பார்த்துக் காதை விடைத்து நின்றன. அக்கேயோ திரும்பிப் பார்த்தாள். பாதையில் சக்கரத் தடத்தைத் தவிர ஒன்றுமில்லை.

"வாரநாள்ல எவன் வருவான் அண்ணி? காடு முழுக்க நாம ரெண்டு பேர்தான்," என்றான் ஜீப் ஓட்டிய ஒடிவோர். "ஒட்டகச்சிவிங்கியப் பாருங்க, என்ன சோம்பேறித்தனமா நிக்கிது. ஆள் வரலன்னா அதுக்கும் லீவுதான்."

ஒட்டகச்சிவிங்கிகளும் அதே பாதையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன.

அவள் மிருகம் பார்க்க வரவில்லை. அவள் கணவன் ஒக்வேனோ இந்தக் காட்டில் காவலனாக இருந்தவன். இரண்டு வருடத்துக்கு முன், வேட்டைக்காரர்கள் வைத்த கண்ணிகளை அறுக்கப் போனவன் திரும்பவில்லை. உடல் கிடைக்காதவனுக்குப் பதிலாக யாகோ காயைப் புதைப்பது அவர்களுடைய லுவோ இனத்து வழக்கம். சுரைக்காய் போல நீண்ட அந்தக் காயைப் போர்வையில் சுற்றி, ஆளுக்கு வெட்டுகிற குழியில் வைத்து மண்ணைத் தள்ளிவிட்டால் அவன் செத்தவன். பிறகு உயிரோடு வந்து நின்றாலும் வீட்டில் அவனுக்கு இடம் கிடையாது. மாமனார் கேட்கும்போதெல்லாம் இன்னும் கொஞ்ச நாள் என்று தள்ளிக்கொண்டே வந்தவள், போன மாதம் சரி என்று தலையசைத்துவிட்டாள்; வீட்டு முற்றத்தில் காயைப் புதைத்தாயிற்று. காத்துக் காத்து அலுத்துப்போயிற்று, வேறு காரணமே இல்லை. ஒரு ராத்திரியாவது நிம்மதியாகத் தூங்க வேண்டும்போல் இருந்தது. அந்த அலுப்புக்கு அவனிடம் மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தாள்.

பள்ளத்தாக்கில் இறங்க இறங்கப் பறவைச் சத்தம் ஓய்ந்து, எஞ்சின் உறுமலுக்கு அடியில் இன்னொரு சத்தம் கேட்கத் தொடங்கியது. ஈர மண்ணில் யாரோ கனத்த பூட்ஸோடு, அவசரமே இல்லாமல், ஜீப்பை விடாமல் நடந்து வருகிற சத்தம். புல் வாசம் போய், புதிதாக வெட்டிய குழியின் வாசம் வந்தது. அவள் வீட்டு முற்றத்து மண். அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"நிறுத்தாதே ஒடிவோர்."

"நிறுத்தலையே அண்ணி. ஏன், என்னாச்சு?"

ஜீப்பின் பின்பக்கம் தாழ்ந்தது. பக்கத்து இருக்கை அமுங்கியது. அவள் திரும்பவில்லை.

"அக்கேயோ." ஒக்வேனோவின் குரல்தான். "வீட்டுக்கு வந்தேன். முற்றத்துல என் குழி இருந்துச்சு. உள்ள யாரு படுத்திருக்கா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை.

"நீங்கதான்."

"நான் வந்துட்டுத்தானே இருந்தேன். கொஞ்சம் பொறுத்திருக்கலாமில்ல?"

அந்தக் குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அழுதுகொண்டே கையை நீட்டினாள். பிடித்துக்கொண்டான். குளிர்ந்த கை. நகம் இல்லை.

அவன் சட்டைக் கையிலிருந்து மண் உதிர்ந்தது. அவள் பாதத்தில். கணுக்காலில். நிற்கவில்லை. முன்னால் ஒடிவோர் ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி ஓட்டினான். முழங்கால். மடி. மார்பு.

அவள் கையை விடவில்லை.