சித்திக்கு மூன்றாவது குடை

என் சித்தியிடம் மூன்று குடைகள் இருக்கின்றன. மூன்றும் அம்மா கொடுத்தவை. மூன்றாவது குடை சிவப்பு. பொத்தானை அழுத்தினால் தானே விரியும். எனக்கு ஒரு குடைகூட இல்லை. அது போகட்டும். அந்தக் குடைகளால் எனக்கு வந்த தலைவலியைச் சொல்கிறேன், கேளுங்கள்.

அம்மாவுக்குப் பேருந்து நிலையத்தில் வேலை. காலை ஏழு மணிக்கு டிக்கெட் கவுண்டரைத் திறக்க வேண்டும். அப்பா லாரி ஓட்டப் போனால் பத்து நாளைக்கு ஒருமுறைதான் வருவார். தம்பிக்கு இரண்டு வயது. எதிரே இருப்பதை எல்லாம் இடித்துத் தள்ளிக்கொண்டே போவதால் அவன் பெயர் புல்டோசர். மதியம் இரண்டு மணி வரை அவனைப் பார்த்துக்கொள்ள அம்மாவின் தங்கை வருகிறார். அவர்தான் தையல் சித்தி.

முதல் மாதம் முடிந்ததும் அம்மா ஒரு கவரில் பணம் வைத்து நீட்டினார்.

"என்னக்கா இது? அக்கா பிள்ளையப் பாத்துக்கறதுக்குக் கூலியா?" என்று சித்தி தள்ளிவிட்டார்.

"அப்ப எவ்வளவு வேணும்னு நீயே சொல்லு."

"நான் என்னத்தச் சொல்ல? எல்லாம் உன் இஷ்டம்."

"என் இஷ்டப்படிதானே குடுக்கறேன்!"

"அதான் வேண்டாங்கறேன்ல!"

கவர் அம்மா கைக்கும் சித்தி கைக்கும் நான்கு முறை போய் வந்தது. சித்தி போன பிறகு பார்த்தால், புல்டோசரின் சட்டைப் பைக்குள் இருந்தது. ஒரு மூலையை அவன் மென்றே முடித்திருந்தான்.

அதன்பிறகு அம்மா பணம் கொடுப்பதை விட்டுவிட்டுப் பொருள் கொடுக்க ஆரம்பித்தார். ஒரு சுவர்க்கடிகாரம், இரண்டு போர்வை, அப்புறம் குடை, குடை, இன்னொரு குடை. பொருளைச் சித்தி மறுக்கமாட்டார். பாசமாகக் கொடுத்தது அல்லவா!

இந்த மாதம் சித்தி தாமதமாக வர ஆரம்பித்தார். ஒரு நாள் பத்து நிமிடம், ஒரு நாள் இருபது. அம்மாவின் மேலாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: இன்னும் ஒருமுறை தாமதமானால் அம்மாவை இரவுக் கவுண்டருக்கு மாற்றிவிடுவாராம். அம்மா இரவு வேலைக்குப் போனால் புல்டோசர் யார் தலையில் விழுவான்? என் தலையில்தான்.

"சித்திகிட்ட சொல்லேம்மா!"

"சும்மா வந்து உதவி பண்றவளைப் போய், ஏன் லேட்டுன்னு எந்த வாயால கேக்கறது?"

சித்தியின் குறை வேறு. "ரெண்டு மணின்னு சொல்லிட்டு உங்கம்மா மூணரைக்கு வர்றா. நான் எப்பப் போய் மிஷின்ல உக்கார்றது?"

"அம்மாகிட்டயே சொல்லுங்க, சித்தி!"

"கூடப் பொறந்தவகிட்ட போய் மணிக்கணக்கு பாக்க முடியுமா?"

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். அந்த மத்தளம் நான்தான்.

ஒரு சனிக்கிழமை காலை முனைக்கடையில் ரொட்டி வாங்கித் திரும்பிக்கொண்டிருந்தேன். பாலத்தின் பக்கமிருந்து சித்தி வேகவேகமாக நடந்து வந்தார். பேருந்து நிறுத்தத்துக்கு வந்ததும் நின்று முகத்தைத் துடைத்தார். செருப்பில் இருந்த தூசியைத் தட்டினார். ஒரு பேருந்து வந்து நின்றது. அதிலிருந்து இறங்கியவர்களோடு கலந்து, தானும் இறங்கியவர் மாதிரி எங்கள் தெருவுக்குள் நுழைந்தார்.

நான் ஓடிப்போய் வழிமறித்தேன். "சித்தி! நடந்தா வர்றீங்க? ஆறு ஸ்டாப்பு!"

சித்தியின் முகம் சுருங்கிவிட்டது. "காலையில தைக்க முடியலையா, பாதி ஆர்டர் போயிடுச்சு. டிக்கெட் காசாவது மிச்சமாகட்டும்னுதான். அம்மாகிட்ட மூச்சு விடாதே. சத்தியம் பண்ணு."

பண்ணித் தொலைத்தேன். ஊருக்கே டிக்கெட் கொடுப்பவர் என் அம்மா. அவருடைய தங்கைக்கு டிக்கெட் வாங்கக் காசில்லை. ஆனால் குடை மட்டும் மூன்று! எனக்கு வந்த கோபத்தில் ரொட்டி சப்பையாகிவிட்டது.

அன்று அம்மா ஓட்டமாக ஓடி, ஒரு நிமிடம் மிச்சம் இருக்கும்போது கவுண்டரைத் திறந்தாராம். மதியம் வழக்கம்போல மூன்றரைக்கு வந்தார். சித்தி பையை எடுத்தார். நான் கதவைச் சாத்தி, குறுக்கே நின்றேன்.

"ரெண்டு பேரும் உக்காருங்க. ஆளுக்கு ஒரு சீட்டு. ஒரு நாளைக்கு எவ்வளவுன்னு எழுதுங்க. ரெண்டுக்கும் நடுவுல முடிச்சுக்கலாம்."

எழுதினார்கள். பிரித்துப் பார்த்தேன். அம்மாவின் சீட்டில், 'அவள் கேட்பது.' சித்தியின் சீட்டில், 'அக்கா கொடுப்பது.'

தலையில் அடித்துக்கொண்டேன். அதைப் பார்த்துப் புல்டோசரும் தன் தலையில் அடித்துக்கொண்டான்.

"எந்திரிங்க!" என்றேன். "இடம் மாறி உக்காருங்க. சித்தி, இப்ப நீங்கதான் அம்மா. இவன் உங்க பிள்ளை. ஏழு மணிக்கு நீங்க வேலையில இருக்கணும். அம்மா, நீதான் சித்தி. உன் தையலை விட்டுட்டு ஆறு ஸ்டாப் தள்ளியிருந்து வந்து இவனைப் பாத்துக்கறே. இப்ப எழுதுங்க."

அந்த நேரம் பார்த்துப் புல்டோசர் சித்தியின் பையைக் கவிழ்த்தான். நூல்கண்டுகள் அறை முழுவதும் உருண்டன. சித்தி அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, விறுவிறு என்று எழுதி முடித்தார்.

அம்மா மெதுவாக எழுதினார். பாதியில் நிமிர்ந்து, "பஸ்ஸுக்குத் தனியாக் கேக்கலாமா?" என்றார். "ஆறு ஸ்டாப்பு, போக வர..." என்று கணக்குப் போட்டவர், சட்டென்று நிறுத்தினார். கதவுக்கு உள்பக்கம் கிடந்த சித்தியின் செருப்பைப் பார்த்தார். குதிகால் பக்கம் தேய்ந்து ஓட்டையாகி இருந்தது.

"நீ எதுலடீ வர்றே?"

சித்தி குனிந்து நூல்கண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தார். நான் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"நடந்தா வர்றே? அதான் லேட்டா?" அம்மாவின் குரல் உடைந்துவிட்டது. "நான் பாட்டுக்கு மூணு குடையை வாங்கிக் குடுத்தேனேடீ!"

"வெயிலுக்கு உதவுச்சுக்கா," என்றார் சித்தி.

அம்மாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. எனக்கும்தான். ஆனாலும் நான் சீட்டுகளை விடவில்லை. அம்மா முந்நூறு எழுதி, பஸ் தனி என்று போட்டிருந்தார். சித்தி எழுதியது நானூறு.

"நானூறா?" என்றேன்.

"பின்னே? இவனைப் பாத்துக்கறவங்களுக்கு அதுக்குக் குறைச்சா குடுத்தா பாவமில்லையா?" என்ற பிறகுதான் சித்தி நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"மாட்டிக்கிட்டீங்க, சித்தி!"

"நானூறு என்னால முடியாதுடீ," என்றார் அம்மா. "சம்பளத்துல மிச்சம் ஒண்ணும் நிக்காது. உள்ளதைச் சொல்றேன்."

சித்தி தன் சீட்டில் இருந்த நானூறை அடித்தார். பிறகு மெல்லக் கேட்டார். "முந்நூத்தம்பது முடியுமாக்கா? பஸ்ஸு தனி."

சித்தி தன் வாயால் கேட்ட முதல் தொகை அதுதான்.

"முடியும்," என்றார் அம்மா. "ரெண்டு மணிக்கு மேல ஆச்சுன்னா அதுக்கும் சேத்துக் குடுத்துடறேன். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறன்னு சும்மாவா சொன்னாங்க!"

திங்கட்கிழமை ஆறு நாற்பதுக்கே சித்தி பேருந்தில் வந்து இறங்கினார். புதன்கிழமை அம்மா இரண்டேகாலுக்கு வந்தபோது, "கால் மணி நேரம் லேட்டுக்கா," என்று சொல்லவும் செய்தாராம். "சரிங்க, முதலாளி!" என்றாராம் அம்மா. இரவுக் கவுண்டர் பேச்சே அப்புறம் இல்லை.

அடுத்த சனிக்கிழமை மாலை இருவரும் செருப்புக் கடைக்குக் கிளம்பினார்கள்.

"ஒரு மணி நேரம் தம்பியைப் பாத்துக்கறியா?" என்று கேட்டார் அம்மா. "உனக்கு என்ன வேணும்?"

என் இஷ்டம், உன் இஷ்டம் என்றெல்லாம் நான் இழுக்கவில்லை.

"அந்தச் சிவப்புக் குடை," என்றேன்.