டெல்வினின் நாப்பூட்டு

"இந்தப் பூட்ட எவனாலயும் திறக்க முடியாது, ரெஜி. நானே எழுதுனது."

"உங்களால?"

அன்று மனைவி ரெஜினா கேட்டதற்கு டெல்வின் சிரித்து மழுப்பியிருந்தான். இப்போது தலை விண்ணென்று தெறிக்க, கணினித் திரைக்கு முன் உட்கார்ந்தபோது அந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வந்து நின்றது.

தூத்துக்குடி மிதவை நகரத்தில் நாப்பூட்டு இல்லாத வீடே கிடையாது. நாக்கின் அடியில் அரிசி அளவு சில்லு. எதைப் பூட்டுகிறோமோ அது வாயில் வேப்பெண்ணெயாகக் கசக்கும். எதிர்வீட்டு ஃபெலிக்ஸ் அல்வாவைப் பூட்டியிருந்தார். டெல்வின் பூட்டியது சாராயத்தை. ஆனால் பூட்டைத் திறக்கும் உரிமை அந்த நாக்குக்கு உடையவருக்கே. தனிமனித சுதந்திரச் சட்டம் அப்படி.

பூட்டு நிரல் எழுதுவதே டெல்வினின் தொழில். தனக்குத்தானே ஒரு பயங்கரக் கணக்குப் புதிரைப் போட்டுப் பூட்டினான். ஒரு வருஷத்துக்கும் மேல் நன்றாகத்தான் இருந்தான். நேற்று மச்சினன் கல்யாணத்தில், கையில் கோப்பையோடு அந்தப் புதிரை அவனே விடுவித்தான். விடுவித்த விதத்தைப் பந்தியில் எல்லோருக்கும் விளக்கியும் காட்டினான். பூட்டு அவனைப் பாராட்டியது. கடைசியில் மாப்பிள்ளைதான் அவனைத் தூக்கிவந்து படகில் போட்டார்.

ரெஜினா ஆப்பத்தட்டோடு வந்தாள்.

"என்ன, புதுப் புதிரா?"

"ஆமா. முன்னத விட நூறு மடங்கு கஷ்டம்."

"எழுதுறது யாரு?"

"நான்தான்."

"விடுவிக்கறது?"

அவன் ஆப்பத்தைப் பிய்த்தான். "இந்தத் தடவ நடக்காது, ரெஜி."

"நடக்கும். உங்க மூளை அப்படி. அதுக்குத்தான எங்கப்பா பொண்ணக் குடுத்தாரு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். உடனே உதட்டைக் கடித்துக்கொண்டாள். புதிருக்குப் பதில் ஒரு சாவியால் பூட்டி, அதை வேறொருவரிடம் ஒப்படைக்கச் சட்டத்தில் வழி உண்டு. ஆனால் உடையவர் தானாகவே வாய்விட்டுக் கேட்க வேண்டும். வேறு யாராவது எடுத்துக்கொடுத்தால் சில்லு அதை வற்புறுத்தல் என்று தள்ளிவிடும். அதனால்தான் அவன் பூட்டுப் போட்ட நாளிலிருந்து ரெஜினா அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை.

டெல்வின் திரையைப் பார்த்தான். பாதிப் புதிர்தான் எழுதியிருந்தான். அதற்குள் அதில் ஓர் ஓட்டை அவன் கண்ணில் பட்டுவிட்டது. அவன் தேடவில்லை. மூளை தானாகவே தேடியிருந்தது. அவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தான்.

"என்னங்க, என்னாச்சு?"

"தோத்துட்டேன், ரெஜி. எனக்குள்ள இருக்கிற இவன ஜெயிக்க என்னால ஆகாது."

புதிரை அழித்தான். மனசு லேசாயிற்று. கையைத் துடைத்துக்கொண்டு அவளுக்கு நேராகத் திரும்பி உட்கார்ந்தான். ரெஜினா மூச்சுகூட விடவில்லை.

"சாவிய நீ வச்சுக்கிறியா? நான் அழுது கேட்டாலும் குடுத்துராத."